மனத்தைப் பண்படுத்திய பண்டிதர்

பனியன் கம்பெனியில் ஷிப்ட் முடித்துக் களைத்து வரும் இளைஞரிடம் மனத்தை அடக்கப் பழகுக என்று சொன்னால், அது துறவியர்க்குரிய வேலை, பவர் டேபிளில் அமர்பவனுக்கு அதற்கேது நேரம் என்று கேட்பார். நியாயமான கேள்விதான். நம் சங்கத்தின் மாலை வகுப்பிலும் இது பன்முறை எழுந்ததுண்டு. விடையாக அயோத்திதாசப் பண்டிதரின் வாழ்வை நாம் இம்மலரில் எடுத்துரைக்கிறோம்.

1845 மே 20இல் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். தமக்குக் கல்வி புகட்டிய ஆசிரியரின் பெயரையே பின்னர்த் தம் பெயராக ஏற்றார். பிறந்தது கோவைப் பகுதி என்பாரும் சென்னை என்பாரும் உளர். இளமை கழிந்தது நமக்கு அண்மையிலுள்ள நீலகிரியில். சித்த மருத்துவம் அவர் தொழில். 1891இல் திராவிட மகாஜன சபையை நிறுவினார்.

மறு ஆண்டு சென்னை மகாஜன சபையின் கூட்டத்திற்கு நீலகிரியின் பிரதிநிதியாகச் சென்றார். சிவன், விஷ்ணு கோயில்களில் நம் மக்களை ஏன் அனுமதிப்பதில்லை என்று அவையில் வினவினார். உங்களுக்கு மதுரைவீரனும் காட்டேரியும் சுடலைமாடனும் போதும், சிவனும் விஷ்ணுவும் உரியரல்லர் என்ற கருத்தில் தஞ்சையிலிருந்து வந்த சாஸ்திரி ஒருவர் விடையிறுத்தார். பலர் கூடிய அவையில் ஒரு சமூகம் முழுவதற்கும் நேர்ந்த அவமதிப்பு அது.

இவ்விடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். அந்நிலையில் நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? கூச்சலிட்டிருப்போம், அல்லது தலைகுனிந்து வெளியேறியிருப்போம். பண்டிதர் இரண்டும் செய்யவில்லை. அப்படியாயின் உங்கள் தெய்வங்கள் எங்களுக்கு வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு, நம் பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்புவரை இலவசக் கல்வியும், ஊர்தோறும் தரிசு நிலமும் கிடைக்க வழி செய்யுங்கள் என்று கேட்டார். சினம் அவருக்கு இல்லாமலில்லை. மதகு வழியே வயலுக்குப் பாய்ச்சிய நீராயிற்று அச்சினம். மன அடக்கம் என்பது அடங்கிப் போவதன்று என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று நாம் கண்டதில்லை.

1898இல் கர்னல் ஆல்காட்டின் துணையோடு இலங்கை சென்று பௌத்தம் தழுவினார். இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் தோன்றியது. காமம், வெகுளி, மயக்கம் ஆகிய மூன்றையும் அகற்றுவதே பௌத்தம் கூறும் மனப்பயிற்சி. பண்டிதரிடம் அது கண்மூடி அமர்வதோடு நிற்கவில்லை. சாதி உயர்வு தாழ்வு பற்றிய கதைகளை, எவர் எப்போது எதன்பொருட்டுக் கட்டினர் என்று ஆராய்வதும் அவருக்கு மயக்கம் நீக்கும் வழியே. அவர் காட்டிய வரலாற்று முடிவுகள் சிலவற்றை இன்றைய ஆய்வாளர் ஏற்பதில்லை. ஆயினும் கேளாமல் எதையும் ஏற்காத அப்பழக்கம் நமக்கு வேண்டியது.

1907 ஜூன் 19இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அது ‘தமிழன்’ ஆயிற்று. நோயாளிகளுக்கு மருந்து கொடுத்துக்கொண்டே வாரந்தோறும் எழுதினார். கோலார் தங்கவயலில் நிலத்தடியே உழைத்த நம் மக்களும் அவ்விதழைப் படித்தனர். அவர் நூல்களைப் பிற்காலத்தில் அச்சிட்டுக் காத்தவர்களும் அவர்களே. அவர்களுக்கும் ஷிப்ட் இருந்தது.

இறுதிக் காலத்தில் குறளுக்கு உரை எழுதலானார். 1914 மே 5இல் அவர் மறைந்தபோது அவ்வுரை பாதியில் நின்றது.