வீணை எஸ். பாலச்சந்தர்: மர்மப்படத் தொடக்கமும் ஒரு கலைவாழ்வும்

ஆய்வுச்சுருக்கம்

வீணைக் கலைஞராகப் பெரிதும் அறியப்படும் எஸ். பாலச்சந்தர் (1927–1990) தமிழ்த் திரையில் மர்மப்படத்திற்கு வழியமைத்த இயக்குநருமாவார். ஒரு மர்மப்படம் தன் தொடக்கத்திலேயே பாத்திரம், உணர்வுநிலை, படவகை ஆகிய மூன்றையும் எவ்வாறு நிறுவுகிறது என்பதை அவரது வாழ்க்கை வரலாற்றின் ஊடாக இக்கட்டுரை ஆராய்கிறது. ‘அந்த நாள்’ (1954) முதன்மைச் சான்றாகவும், ‘பொம்மை’ (1964), ‘நடு இரவில்’ (1970) ஆகியன துணைச் சான்றுகளாகவும் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: எஸ். பாலச்சந்தர், மர்மப்படம், தொடக்கக் காட்சி, அந்த நாள், மெய்ப்பாடு, சிலப்பதிகாரப் பதிகம்.

முன்னுரை

ஒரு படைப்பின் தொடக்கம் எதைச் சொல்ல வேண்டும் என்னும் வினா தமிழ் இலக்கிய மரபிற்குப் புதியதன்று. அகப்பாடலில் நிலமும் பொழுதுமாகிய முதற்பொருள் உரிப்பொருளுக்குக் களம் அமைக்கிறது. தெருக்கூத்தில் கட்டியங்காரன் பாத்திரங்களை அவைக்கு அறிமுகப்படுத்துகிறான். இராக ஆலாபனையில் முதற்சில சுரக்கோவைகளிலேயே இராகத்தின் உருவம் புலப்பட வேண்டும் என்பது இசையரங்கின் எதிர்பார்ப்பு. இவை அனைத்தும் சுவைஞரை ஒரு குறிப்பிட்ட அனுபவத்திற்கு ஆயத்தப்படுத்துகின்றன.

மர்மப்படத்தின் தொடக்கம் இவற்றினும் சிக்கலானது. அது தன் வகையை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். ஆனால் தன் செய்தியை மறைத்து வைக்கவும் வேண்டும். இசையிலிருந்து திரைக்கு வந்து, மீண்டும் இசைக்கே திரும்பிய பாலச்சந்தரின் வாழ்வு இச்சிக்கலை ஆராய ஏற்ற களமாகிறது.

இளமையும் இசைப்பயிற்சியும்

பாலச்சந்தர் 1927 ஜனவரி 18 அன்று சென்னை மயிலாப்பூரில் பிறந்தார். தந்தை சுந்தரம் ஐயர் கலையார்வலர். தமையன் எஸ். ராஜம் பின்னாளில் ஓவியராகவும் இசைக்கலைஞராகவும் புகழ்பெற்றவர். பிரபாத் நிறுவனம் 1934 இல் வெளியிட்ட ‘சீதா கல்யாணம்’ படத்தில் ராஜம் இராமனாகவும், தமக்கை ஜெயலட்சுமி சீதையாகவும், தந்தை சனகனாகவும் நடித்தனர். சிறுவனான பாலச்சந்தர் இராவணனின் அவையில் கஞ்சிரா வாசிப்பவராகத் தோன்றினார். பாபநாசம் சிவன் திரையிசைக்கு அறிமுகமானதும் இப்படத்தின் வழியேயாம்.

முறையான குருகுலப் பயிற்சியின்றிப் பல இசைக்கருவிகளைத் தாமே கற்றமை இவரது ஆளுமையின் தனிக்கூறாகும். கஞ்சிரா, மிருதங்கம், தபலா, ஆர்மோனியம், சிதார் எனப் பல கருவிகளைக் கையாண்டு, இறுதியில் வீணையைத் தமக்குரியதாக்கிக்கொண்டார். இளம்வயதிலேயே சென்னை வானொலி நிலையத்தில் இசைக்கலைஞராகப் பணியாற்றினார். காட்சியின் துணையின்றி ஒலியால் மட்டுமே கேட்போரைப் பிணிக்க வேண்டிய ஊடகம் வானொலி. துப்பாக்கி ஒலியொன்றில் படத்தைத் தொடங்கத் துணிந்த இயக்குநருக்கு இவ்வனுபவம் துணைநின்றிருக்கக்கூடும் எனக் கருத இடமுண்டு.

1948 இல் வெளிவந்த ‘இது நிஜமா’ படத்தில் இரட்டை வேடத்தில் நடித்தார். அதே ஆண்டில் ‘என் கணவர்’ படத்தையும், 1951 இல் ‘கைதி’ படத்தையும் இயக்கினார். நடிப்பு, இசை, இயக்கம் ஆகிய மூன்றையும் ஒருவரே மேற்கொள்ளும் இயல்பு அவரிடம் தொடக்கம் முதலே காணப்பட்டது.

‘அந்த நாள்’ உருவான சூழல்

1952 இல் இந்தியாவில் நடைபெற்ற முதல் பன்னாட்டுத் திரைப்பட விழாவில் அகிரா குரோசாவாவின் ‘ரஷோமோன்’ திரையிடப்பட்டது. ஒரே நிகழ்வைப் பலர் பலவாறு கூறும் அப்படத்தின் அமைப்பு பாலச்சந்தரைக் கவர்ந்தது. அதன் தூண்டுதலால் அவர் எழுதிய நாடகத்தை வானொலி ஏற்கவில்லை. பின்னர் அக்கதை ஏவி. மெய்யப்பனின் ஆதரவைப் பெற்றது. ஜாவர் சீதாராமன் திரைக்கதை எழுதி, துப்பறியும் அதிகாரியாகவும் நடித்தார். மாருதி ராவ் ஒளிப்பதிவு செய்தார். 1954 ஏப்ரல் 13 அன்று வெளிவந்த இப்படத்தில் பாடல், நடனம், சண்டை ஆகிய மூன்றும் இல்லை.

‘ரஷோமோன்’ தூண்டுகோலாயினும், தொடக்க அமைப்பில் இரு படங்களும் வேறுபடுகின்றன. குரோசாவாவின் படம் கொட்டும் மழையில், சிதைந்த வாயிலின் கீழ் ஒதுங்கியோரின் உரையாடலுடன் தொடங்குகிறது. இறுதிவரை உண்மை உறுதிப்படுவதில்லை. ‘அந்த நாள்’ கொலையுடன் தொடங்கி, உண்மையைக் கண்டறிந்து முடிகிறது. இவ்வகையில் 1950 இல் அந்தோனி ஆஸ்குவித் இயக்கிய ‘தி உமன் இன் கொஸ்டின்’ என்னும் ஆங்கிலப் படத்துடன் இதற்கு நெருக்கம் மிகுதி. அப்படமும் கொலையுண்ட ஒருவரைப் பலர் நினைவுகூர்வதாக அமைந்ததே.

தொடக்கக் காட்சியின் முப்பணி

முதலாவது, பாத்திரம். கதைத்தலைவன் இராஜன் வானொலிப் பொறியாளன். துப்பாக்கி வெடிக்கிறது, அவன் இறக்கிறான். ஒலி கேட்ட பக்கத்து வீட்டுச் சின்னையா காவல் நிலையத்திற்கு ஓடுகிறார். ‘பராசக்தி’ (1952) வெளிவந்து இரண்டாண்டுகளே ஆன நிலையில், சிவாஜி கணேசனைத் திரையில் காணவந்தோர் அவர் மாண்டு விழுவதையே முதலில் கண்டனர். வழக்கமான படங்களில் தொடக்கம் தலைவனின் இயல்பை நிலைநாட்டும். இங்கோ அது ஒரு வெற்றிடத்தை உண்டாக்குகிறது. சின்னையா, தம்பி பட்டாபி, தம்பி மனைவி ஹேமா, மனைவி உஷா, காதற்கிழத்தி அம்புஜம் ஆகியோரின் கூற்றுகளே அவ்வெற்றிடத்தை நிரப்புகின்றன. எனவே தொடக்கம் ஓர் உடலைத் தருகிறது. அவ்வுடலுக்குரியவன் யாவன் என்பதைப் பின்வரும் கூற்றுகளே உரைக்கின்றன.

இரண்டாவது, உணர்வுநிலை. கதை நிகழ்வது 1943 அக்டோபரில், சென்னை மீது ஜப்பானிய விமானம் குண்டு வீசியதற்கு மறுநாள். ஊரெங்கும் பரவிய அச்சத்தினூடே ஒரு வீட்டினுள் மற்றொரு வெடியொலி கேட்கிறது. தொல்காப்பியர் கூறும் எண்வகை மெய்ப்பாடுகளுள் அச்சமும் மருட்கையும் இங்கு ஒருங்கே எழுகின்றன. போர்ச்சூழல் அச்சத்தைத் தருகிறது. காரணம் புலனாகாத சாவு மருட்கையைத் தருகிறது. காலமும் இடமுமாகிய முதற்பொருள் இங்கு வெறும் பின்னணியன்று. இராஜன் எதிரிக்கு உளவு சொன்ன துரோகி எனப் பின்னர் வெளிப்படும்போது, தொடக்கத்திலேயே காலத்தைச் சுட்டியதன் பயன் விளங்குகிறது. படத்தின் மாபெரும் துப்பு மறைக்கப்படாமல் முதலிலேயே காட்டப்பட்டுள்ளது.

மூன்றாவது, படவகை. சாவு, சாட்சி, காவலர் வருகை என்னும் நிரல் இது துப்பறியும் கதை என்பதை ஐயமற உணர்த்துகிறது. தலைவன் இறந்த பின்னும் கதை தொடர்வதால், பார்வையாளரின் வினா அடுத்து என்ன நிகழும் என்பதிலிருந்து, ஏன் நிகழ்ந்தது என்பதற்கு மாறுகிறது.

சிலப்பதிகாரப் பதிகத்துடன் ஓர் ஒப்பீடு

இவ்வுத்தி மேலைநாட்டு வரவு மட்டுமன்று. கோவலன் கொலையுண்டதையும் கண்ணகியின் சீற்றத்தையும் சிலப்பதிகாரப் பதிகம் காப்பியத்தின் வாயிலிலேயே உரைத்துவிடுகிறது. முடிவை அறிந்தபின்னரும் கற்போர் ஆர்வம் குன்றாமைக்குக் காரணம், அவர்தம் நாட்டம் நிகழ்விலிருந்து காரணத்திற்குத் திரும்புவதேயாம். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. பதிகம் காரணத்தையும் ஊழ்வினை எனச் சுட்டிவிடுகிறது. மர்மப்படம் காரணத்தை மட்டும் தன்பால் நிறுத்திக்கொள்கிறது. காப்பியத்தில் மனைவி தன் கணவன் கள்வனல்லன் என நிறுவுகிறாள். ‘அந்த நாள்’ படத்திலோ மனைவி உஷா கணவன் நாட்டைக் காட்டிக்கொடுப்பதை அறிகிறாள். அவன் சாவுக்கும் அவளே காரணமாகிறாள். சாவை முன்வைக்கும் தொடக்கம் இரண்டிற்கும் பொதுவாயினும், அது செல்லும் திசைகள் எதிரெதிரானவை.

பார்வையாளரும் தொடக்கத்தின் வாக்குறுதியும்

போர்க்கால அச்சம் சென்னைக்கு மட்டும் உரியதன்று. 1942 இல் தாக்குதலுக்கு அஞ்சித் தலைநகரை நீங்கிய மக்கள் உள்நாட்டு ஊர்களுக்குப் பெயர்ந்தனர். அந்நாளில் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்திருந்த பெரம்பலூர் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையிலும், அரியலூர் விழுப்புரம்–திருச்சி இருப்புப்பாதையிலும் அமைந்தவை. இத்தகைய ஊர்களின் மக்களுக்கும் அக்காலச்சூழல் பழகிய நினைவே. ஆகவே, படத்தின் உணர்வுநிலை அவர்களுக்கு அயலானதாக இருந்திருக்க இயலாது.

இடையூறு படவகையில் எழுந்தது. அக்காலத்தில் பாடலே படத்தின் முதல் விளம்பரம். இசைத்தட்டும் பாட்டுப் புத்தகமும் படத்தை ஊர்தோறும் கொண்டுசென்றன. டூரிங் டாக்கீஸ்களில் ஒலிபெருக்கியில் பாட்டு எழுந்தாலே காட்சி தொடங்கப்போகிறது என்று பொருள். பாடலே இல்லாத படத்திற்கு இவ்வாயில் அடைபட்டது. திரைக்குள் தொடங்கும் முன்பே, திரைக்கு வெளியே படம் தொடங்கிவிடுகிறது என்பதை இது காட்டுகிறது. பாடல்களை எதிர்பார்த்து வந்தோர் ஏமாற்றமடைந்தனர். படம் வணிக வெற்றி பெறவில்லை. தேசிய விருதுகளில் தகுதிச் சான்றிதழ் பெற்றதும், பிற்காலத் திறனாய்வாளர் போற்றியதும் இவ்விழப்பை ஈடுசெய்தன எனக் கூறவியலாது. பாடலற்ற முழுநீளத் தமிழ்ப்படம் அதன் பின்னரும் நெடுங்காலம் அரிதாகவே இருந்தது.

பிற்காலப் படங்கள்

இத்தோல்வியிலிருந்து பாலச்சந்தர் ஒரு சமன்பாட்டிற்கு வந்தார் எனலாம். ‘பொம்மை’ படத்தில் பாடல்கள் உண்டு, கே. ஜே. யேசுதாஸ் தமிழ்த்திரைக்கு அறிமுகமானது அப்படத்தில்தான். கொலை செய்யும் நோக்கில் பொம்மைக்குள் வெடிகுண்டு வைக்கப்படுவதைப் பார்வையாளர் முன்னரே அறிவர்; அப்பொம்மை கைமாறிச் செல்லும்போது, அதனை ஏந்துவோர் அறியார். ‘அந்த நாள்’ அறியாமையால் ஈர்ப்பை வளர்த்தது. ‘பொம்மை’ அறிதலால் பதற்றத்தை வளர்த்தது. நடிகர்களையும் தொழில்நுட்பக் கலைஞர்களையும் படத்தின் இறுதியில் இயக்குநரே அறிமுகப்படுத்தியமை, தொடக்கத்தைக் கதைக்கே உரியதாக்க அவர் விரும்பியதைக் காட்டுகிறது.

அகதா கிறிஸ்டியின் புதினமொன்றின் தாக்கத்தில் உருவான ‘நடு இரவில்’, தீவிலுள்ள தனித்த மாளிகையில் உறவினர்களை ஒன்றுகூட்டுகிறது. இங்கு இடமே படவகையை அறிவிக்கும் குறியாகிறது. வெளியேற வழியில்லை என்னும் உணர்வு முதற்கொலைக்கு முன்பே நிலைபெற்றுவிடுகிறது. இதன்பின் அவர் படம் இயக்கவில்லை.

எஞ்சிய ஆண்டுகள் வீணைக்கே உரியனவாயின. 72 மேளகர்த்தா இராகங்களையும் வீணையில் இசைத்துப் பதிவு செய்தார். 1982 இல் பத்மபூஷண் விருது பெற்றார். சுவாதித் திருநாளின் பெயரால் வழங்கும் உருப்படிகளின் ஆசிரியத்துவம் குறித்து அவர் எழுப்பிய வினாக்கள் இசையுலகில் கடும் விவாதத்தை ஏற்படுத்தின. 1990 ஏப்ரல் 13 அன்று பிலாய் நகரில் காலமானார்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன. பாலச்சந்தரின் மர்மப்படத் தொடக்கங்கள் பாத்திரத்தை முழுமையாக வரைவதற்கு மாறாக, அதனை வினாவாக முன்வைக்கின்றன. காலமும் இடமும் உணர்வுநிலையை உண்டாக்குவதோடு துப்பாகவும் செயற்படுகின்றன. படவகை என்பது இயக்குநர் தனித்து அறிவிப்பதன்று. பார்வையாளர் ஏற்கும்போதே அது நிறைவுறுகிறது. ‘அந்த நாள்’ தன் தொடக்கத்தில் அளித்த வாக்கைக் கதைக்குள் முழுமையாகக் காத்தது. ஆனால் திரையரங்கிற்கு வந்தோர் அளிக்கப்பட்டதாகக் கருதிய வாக்கு வேறாக இருந்தது. தமிழ் மர்மப்படத்தின் வரலாற்றை எழுதுவோர், படங்களின் முதற்காட்சியோடு, அக்காட்சிக்கு முன் பார்வையாளர் செவிகளில் ஒலித்தவற்றையும் சேர்த்தே ஆராய வேண்டும் என்பதனைப் பாலச்சந்தரின் கலைவாழ்வு உணர்த்துகிறது.