சல்லிவனும் தோடர் நிலமும்

உதகமண்டலத்தைக் கண்டுபிடித்தவர் ஜான் சல்லிவன் என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு உறுத்தும். தோடரும் கோத்தரும் படுகரும் தலைமுறைகளாக வாழ்ந்த மலையை இன்னொருவர் எப்படிக் கண்டுபிடிப்பது?

1815இல் கோயம்புத்தூர் ஆட்சியரான சல்லிவன், 1819 தொடக்கத்தில் நீலகிரி ஏறினார். கோத்தகிரிப் பக்கம் முதலில் வீடு கட்டினார். பின்னர் உதகையில் தோடர்களிடம் சொற்ப விலைக்கு நிலம் வாங்கி, 1822இல் கல் வீடு எழுப்பத் தொடங்கினார். ஏரியும் உருளைக்கிழங்கும் அவர் முயற்சியில் வந்தவையே. அவர் வழியில் வெள்ளையர் குடியேற்றம் பெருகியது.

ஆனால் அதே சல்லிவன்தான் மலை நிலம் தோடர்களுக்கே உரியது, எடுத்தால் இழப்பீடு தர வேண்டும் என்று சென்னை அரசிடம் வாதாடினார். ஆளுநர் லஷிங்டன் அதை ஏற்கவில்லை. 1830இல் சல்லிவன் ஆட்சியர் பதவியிலிருந்து விலகினார். மலையின் பெரும்பகுதி கோவையிலிருந்து பிரிந்து மலபார் மாவட்டத்தோடு சேர்ந்தது.

அவரை அறவோர் என்று கொண்டாட எனக்குத் தயக்கம் உண்டு. தோடரின் உரிமை உறுதியானால், அவர்களிடம் வாங்கியவரின் உரிமையும் உறுதியாகும். அவரோ மலையில் பெருநிலக்காரர். ஆயினும் வாங்குவதற்கு முன் உரியவர் ஒருவர் உண்டு என ஒப்புக்கொண்டாரே, பின்னால் வந்தோர் பலர் அதையும் செய்யவில்லை.

1838இல் மனைவியையும் மூத்த மகளையும் அடுத்தடுத்து இழந்தார். இருவரும் உதகை புனித ஸ்டீபன் தேவாலயத்தில் அடக்கமாயினர். 1841இல் இங்கிலாந்து திரும்பிய சல்லிவன் 1855இல் அங்கே மறைந்தார். தோடரிடம் வாங்கிய நிலத்தில் அவர் எழுப்பிய கல் வீட்டில் இன்று அரசு கலைக் கல்லூரி இயங்குகிறது.