மருந்து விற்பவர் டாக்டருக்கு வாத்தியார் ஆகலாமா?

டாக்டரின் அறைக்கு வெளியே நோயாளிகள் பெஞ்சில் உட்கார்ந்து இருக்கிறார்கள். கையில் தோல் பையுடன் ஒருவர் உள்ளே போகிறார். அவருக்கு நோய் ஒன்றும் இல்லை. அவர் மருந்துக் கம்பெனியின் பிரதிநிதி. புதிய மாத்திரையின் பெருமையை டாக்டருக்கு எடுத்துச் சொல்ல வந்து இருக்கிறார்.

இது நாம் எல்லோரும் பார்த்த காட்சிதான். இதில் உள்ள ஆபத்தை 1902-ம் ஆண்டிலேயே எடுத்துக் காட்டினார் ஒரு பெரிய டாக்டர். அவர் பெயர் வில்லியம் ஆஸ்லர்.

சேட்டைக்காரப் பையன்

ஆஸ்லர் 1849-ம் ஆண்டு ஜூலை 12-ந் தேதி கனடா நாட்டில், பாண்ட் ஹெட் என்ற சிற்றூரில் பிறந்தார். தகப்பனார் பாதிரியார். பையனோ பொல்லாத சேட்டைக்காரன். சேட்டை பொறுக்காமல் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்து அவரை நீக்கியே விட்டார்கள்!

தகப்பனாரைப் போல பாதிரியார் ஆவதற்குத்தான் முதலில் படித்தார். பிறகு மனம் மாறி, மருத்துவம் படித்தார். 1872-ல் மான்ட்ரியல் நகரில் உள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். ஐரோப்பாவில் மேல்படிப்பு முடித்துத் திரும்பி, அதே மெக்கில்லில் ஆசிரியர் ஆனார். 1884-ல் அமெரிக்காவில் பிலடெல்பியா நகருக்குப் போனார். அங்கிருந்து பால்டிமோர் போய், 1889-ல் திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் தலைமை வைத்தியர் ஆனார்.

சீமாட்டி போட்ட நிபந்தனை

மருத்துவமனை வந்துவிட்டது. ஆனால் மருத்துவக் கல்லூரி தொடங்கப் பணம் இல்லை. மேரி காரெட் என்ற பணக்காரச் சீமாட்டி 3 லட்சம் டாலருக்கு மேல் கொடுக்க முன்வந்தார். நிபந்தனையும் போட்டார். ஆண்களைப் போலவே பெண்களையும் சேர்க்க வேண்டும். பட்டப்படிப்பு முடித்து வருகிறவர்களை மட்டுமே சேர்க்க வேண்டும்.

இத்தனை கடுமையான நிபந்தனை இருந்தால், நாம் மாணவர்களாக வந்திருந்தால் நமக்கே இடம் கிடைத்து இராது என்று ஆஸ்லர் சக பேராசிரியரிடம் வேடிக்கையாகச் சொன்னாராம். 1893-ல் கல்லூரி திறந்தது.

படிப்புக்குப் பணம் கொடுப்பது பாவம் அல்ல. கொடுக்கிறவர் படிப்பை உயர்த்துகிறாரா, தன் சரக்கை விற்கிறாரா என்பதுதான் கேள்வி.

கட்டில்தான் கரும்பலகை

அந்தக் காலத்தில் பல கல்லூரிகளில் மாணவர்கள் நோயாளியைத் தொட்டுப் பார்க்காமலே டாக்டர் ஆகிவிடுவார்கள். ஆஸ்லர் தன் மாணவர்களை வார்டுக்கு அழைத்துப் போனார். நோயாளியின் கட்டில்தான் அங்கே கரும்பலகை.

1892-ல் அவர் எழுதிய பெரிய மருத்துவப் பாடநூல் வெளிவந்தது. மருந்து இல்லாத நோய்க்கு மருந்து இல்லை என்றே அதில் எழுதினார். நிமோனியாவை இடையில் நிறுத்தக்கூடிய மருந்து எதுவும் கிடையாது என்று ஒளிக்காமல் சொன்னார்.

உண்மையைச் சொன்னதால் நஷ்டமா? இல்லை. 1897-ல் கோடீசுவரர் ராக்பெல்லரின் ஆலோசகர் கேட்ஸ் அந்தப் புத்தகத்தைப் படித்தார். தீர்க்க முடியாத நோய்கள் இத்தனையா என்று திகைத்தார். ராக்பெல்லரிடம் எடுத்துச் சொன்னார். 1901-ல் நியூயார்க்கில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பிறந்தது.

பையோடு வந்த வாத்தியார்

1902 செப்டம்பரில் மான்ட்ரியலில் கனடா டாக்டர்களின் மாநாடு நடந்தது. அங்கே ஆஸ்லர் பேசினார்.

மருந்துக் கம்பெனி ஆட்களில் நல்லவர்களும் உண்டு என்று ஒப்புக்கொண்டார். ஆனால் பெரிய மேதைகளே சந்தேகப்படும் விஷயத்தை, சிலர் துளியும் தயங்காமல் அடித்துப் பேசுகிறார்கள் என்றார். தெரியாததைத் தெரிந்ததாக நினைப்பதே மிகப் பெரிய அறியாமை என்றார். டாக்டர்கள் மருந்து உற்பத்தியாளர்களுக்கு அடிமை ஆகிவருவதை நினைத்துக் கவலைப்பட்டார்.

குறை சொன்னதோடு அவர் நிற்கவில்லை. பட்டம் வாங்கியதோடு படிப்பு முடிவது இல்லை என்பது அவர் கொள்கை. ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு தடவை டாக்டர்கள் பெரிய மருத்துவமனைக்குப் போய் மறுபடியும் படிக்க வேண்டும் என்றார். தினமும் தூங்கப் போகுமுன் அரை மணி நேரம் நல்ல நூல் படிக்கச் சொன்னார். டாக்டர்கள் தாங்களாகவே கற்றுக்கொண்டால், பையோடு வருகிறவர் வாத்தியார் ஆக முடியாது அல்லவா?

கடைசிக் காலம்

1905-ல் இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனார். 1911-ல் சர் பட்டம் பெற்றார். 1917-ல் பேரிடி விழுந்தது. உயிரோடு இருந்த ஒரே மகன் ரெவியர் உலகப் போரில் பலியானான். அந்தத் துயரத்தில் இருந்து ஆஸ்லர் மீளவே இல்லை. 1919-ம் ஆண்டு டிசம்பர் 29-ந் தேதி நுரையீரல் நோயால் காலமானார். தான் சேர்த்த 7 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நூல்களை, படித்த மெக்கில்லுக்கே எழுதிவைத்தார்.

கம்பெனி கொடுத்த பரிசு

அவர் இறந்த பிறகு ஒரு வேடிக்கை நடந்தது. ஆஸ்லரின் பேச்சுகள் அடங்கிய புத்தகம் ஒன்று உண்டு. 1932 முதல் சுமார் 20 ஆண்டுகள், அமெரிக்காவில் புதிதாகப் பட்டம் பெற்ற டாக்டர்களுக்கு அந்தப் புத்தகம் இலவசப் பரிசாகக் கிடைத்தது. லட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள்!

கொடுத்தது யார் தெரியுமா? எலி லில்லி என்ற மருந்துக் கம்பெனி! கம்பெனி ஆட்களைப் பற்றிய 1902-ம் ஆண்டு எச்சரிக்கையும் அந்தப் புத்தகத்தில்தான் இருக்கிறது.

பரிசை வாங்கியவர்களில் எத்தனை பேர் அந்தப் பக்கத்தைப் படித்தார்களோ! 2010-ல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. டாக்டர்களுக்கும் போதனா மருத்துவமனைகளுக்கும் கொடுக்கும் பணத்துக்கு மருந்துக் கம்பெனிகள் கணக்குக் காட்ட வேண்டும். அந்தக் கணக்கை யாரும் பார்க்கலாம்.

டாக்டர் எழுதும் சீட்டில் உள்ள மருந்தை வாங்குகிறவர் நோயாளி. விழுங்குகிறவரும் நோயாளி. அந்த மருந்தைப் பற்றி டாக்டருக்குச் சொல்லிக் கொடுத்தது யார் என்று கேட்கும் உரிமையும் அவருக்கு உண்டு.