கணக்கைத் திருத்திய வேட்டைக்காரர்

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 1887-இல் பிறந்த ஆல்டோ லியோபோல்டு, சிறுவயதிலேயே தந்தையுடன் வேட்டைக்குச் சென்று பழகியவர். யேல் பல்கலைக்கழகத்தில் வனவியல் பயின்று, 1909-இல் அரசின் வனத் துறையில் சேர்ந்தார். அரிசோனா, நியூ மெக்சிகோ காடுகளில் பணியாற்றிய நாள்களில், ஓநாய்களை ஒழித்தால் மான்கள் பெருகும், வேட்டைக்காரர்கள் பயனடைவர் என்று நம்பினார். தாமே ஓநாயைச் சுடவும் செய்தார்.

ஓநாய்கள் மறைந்த மலைகளில் மான்கள் பெருகத்தான் செய்தன. ஆனால் அவை இளஞ்செடிகளைத் தின்று தீர்த்தன. பின்னர் தாமும் பட்டினியால் மடிந்தன. வேட்டை என்பது வட்டி, நிலமே முதல். முதலைக் கரைத்துவிட்டு வட்டியை எதிர்பார்க்க இயலாது என்பதை லியோபோல்டு மெல்ல உணர்ந்தார்.

1933-இல் வேட்டை விலங்கு மேலாண்மை குறித்த அவரது நூல் வெளியானது. அவ்வாண்டே விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் அத்துறையின் பேராசிரியரானார். 1943-இல் அம்மாநில இயற்கைவளப் பாதுகாப்பு ஆணையத்தின் உறுப்பினரானபோது சோதனை வந்தது. குளிர்காலத்தில் இரையின்றி மான்கள் மடிவதைத் தடுக்க, பெண் மான்களையும் வேட்டையாட அனுமதித்து எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்றார். பெண் மானைக் காப்பதே அறமென்று பழகியிருந்த வேட்டைக்காரர்கள் பலர் கொதித்தெழுந்தனர். நாளேடுகளில் வசைகள் குவிந்தன. அவர் பின்வாங்கவில்லை.

1948 ஏப்ரலில், அண்டை நிலத்தில் பரவிய தீயை அணைக்கச் சென்ற இடத்தில் மாரடைப்பால் காலமானார்.

பொதுப்பணியில் இருப்போர் தம் பழைய கணக்கு பிழையென்று ஒப்புக்கொள்வது அரிது. ஒப்புக்கொண்டபின் அதற்குரிய பழியையும் ஏற்பது அதனினும் அரிது. லியோபோல்டு இரண்டையும் செய்தார்.