இழுத்துப் போடக் கற்றுக்கொடுத்த ஜெஃப் ராஸ்கின்

லேப்பில் ஒரு ஃபைலை மவுஸால் பிடித்து, அப்படியே இழுத்துக்கிட்டுப் போய் வேறொரு ஃபோல்டரில் போடுகிறோம். அழுத்தணும், நகர்த்தணும், விடணும். அவ்வளவுதான்! இந்தச் சின்ன வேலைக்குப் பின்னாலும் ஒரு மனிதர் இருக்கிறார். அவர்தான் ஜெஃப் ராஸ்கின்.

1943-ல் நியூயார்க்கில் பிறந்தவர். 1967-ல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் அவர் எழுதிய ஆய்வேடு, கம்ப்யூட்டரில் படம் வரைவது பற்றியது. அட்டையில் துளை போட்டுக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்த காலம் அது! பிறகு சான்டியாகோவில் பேராசிரியர். இசையும் கைவந்தவர். ஆப்பிள் நிறுவனத்துக்குக் கையேடு எழுதித் தந்தார். கையேடு எழுதுறவங்களுக்குத்தான் தெரியும், படிக்கிறவன் எந்த இடத்தில் தடுமாறுவான் என்று. 1978-ல் அங்கேயே 31-வது ஊழியராகச் சேர்ந்தார். தன்னிடம் படித்த பில் அட்கின்சனையும் அழைத்து வந்தார்.

1979-ல் சாதாரண மக்களுக்காக 500 டாலரில் ஒரு கம்ப்யூட்டர் செய்யணும் என்று திட்டம் போட்டார். தனக்குப் பிடித்த ஆப்பிள் வகையின் பெயரையே அதற்கு வைத்தார்: மெக்கின்டாஷ்.

1981-ல் ஸெராக்ஸ் வெளியிட்ட ஸ்டார் கம்ப்யூட்டரில் ஃபைலை நகர்த்த, முதலில் அதைத் தொட்டுக் காட்டணும், கீபோர்டில் 'நகர்த்து' பட்டனை அழுத்தணும், பிறகு போகவேண்டிய இடத்தைக் காட்டணும். பட்டனை அழுத்தியபடியே இழுத்து, சேர்ந்த இடத்தில் விட்டால் போதுமே என்ற யோசனையை ஆப்பிளில் முன்வைத்தவர் ராஸ்கின். 1983-ல் லிசாவிலும் 1984-ல் மெக்கின்டாஷிலும் அதுவே வந்தது.

ஆனால் மெக்கின்டாஷ் வெளிவந்தபோது அவர் அங்கே இல்லை! 1981-ல் ஸ்டீவ் ஜாப்ஸ் திட்டத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். 1982-ல் ராஸ்கின் வெளியேறிவிட்டார். விலையும் 2,495 டாலர் ஆகிவிட்டது.

அதைவிட ஆச்சரியம் 1987-ல் வந்த கேனன் கேட். அவர் வடிவமைத்த அந்த மெஷினில் மவுஸும் கிடையாது, ஃபைல், ஃபோல்டரும் கிடையாது! எழுதியதெல்லாம் ஒரே நீளமாக இருக்கும், வேண்டிய வார்த்தையைத் தேடித் தாவிப் போகணும். சில மாதங்களிலேயே கேனன் அதை நிறுத்திவிட்டது.

2000-ல் ஒரு புத்தகம் எழுதினார். ஒரே செய்கை இடத்துக்கு இடம் வேறு வேறு பலன் தந்தால் மனுஷன் தப்பு செய்யத்தான் செய்வான். அது அவன் குற்றமில்லை, வடிவமைத்தவன் குற்றம் என்பது அவர் கட்சி. இதைப் படித்தபோது எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. ஏன் தெரியுமா?

எங்க வீட்டில் கம்ப்யூட்டரைத் தொட்ட முதல் ஆள் நான். பென்டிரைவிலிருந்து ஹார்டுடிஸ்க்குக்கு இழுத்தால் காப்பி ஆகும், பழையது அங்கேயே இருக்கும். அதனால் எங்கே இழுத்தாலும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன். முதல் வருஷம் ஒரே டிரைவுக்குள் என் ரெக்கார்டு ஃபைலை வேறு ஃபோல்டருக்கு இழுத்தேன். அது காப்பி ஆகலை, இடம்தான் மாறியது. தெரியாமல் புது ஃபோல்டரில் இருந்ததை நிரந்தரமாக அழித்துவிட்டேன். ஒரு மாத வேலை போச்சு! பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். உனக்கெல்லாம் எதுக்குக் கம்ப்யூட்டர் என்றும் கேட்டார்கள். வீட்டில் சொன்னாலும் புரியாது. சொல்லவில்லை.

ராஸ்கின் 2005 பிப்ரவரி 26-ல், 61 வயதில் புற்றுநோயால் காலமானார். நான் இப்போ ஃபைலை இழுக்கும்போது, விரலை எடுக்கும் முன் அம்புக்குறி பக்கத்தில் காப்பி என்று வருதா, மூவ் என்று வருதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். தப்பாகப் போனால் உடனே கன்ட்ரோல் இசட்.