மார்ஷல் சொன்ன மறுபாதி

பொருளியல் படித்தவர்களுக்கு ஆல்ஃபிரட் மார்ஷல் என்றதும் தேவைக்கோடும் அளிப்புக்கோடும்தான் நினைவுக்கு வரும். நானும் பல ஆண்டுகள் அவற்றையே கரும்பலகையில் வரைந்துகொண்டிருந்தேன். நகரம் ஏன் பெருக்கிறது, அதனால் ஆதாயம் அடைபவர் யார், அதற்கு விலை கொடுப்பவர் யார் என்ற கேள்விக்கும் அவர் விடை தேடினார். அந்த விடையில் ஒரு பாதியை மட்டுமே நாங்கள் வகுப்பில் நடத்தினோம்.

மார்ஷல் 1842 ஜூலை 26 அன்று லண்டனின் பெர்மாண்ட்சி பகுதியில் பிறந்தார். தோல் பதனிடும் கூடங்களுக்கும் அவற்றின் நாற்றத்துக்கும் பெயர்போன இடம் அது. தந்தை இங்கிலாந்து வங்கியில் எழுத்தர்; மிகக் கண்டிப்பானவர். மகன் சமயப் பணிக்குச் செல்ல வேண்டும் என்பது அவர் விருப்பம். மகனுக்கோ கணிதத்தில் நாட்டம். ஆஸ்திரேலியாவில் பொருளீட்டிய உறவினர் ஒருவர் கொடுத்த கடனில் கேம்பிரிட்ஜ் சென்று, 1865இல் கணிதத் தேர்வில் இரண்டாம் இடம் பெற்றார்.

கணிதத்திலிருந்து மெய்யியலுக்கும், அதிலிருந்து பொருளியலுக்கும் அவரை இழுத்து வந்தது வறுமை பற்றிய கேள்வி. விடுமுறை நாள்களில் பல நகரங்களுக்குச் சென்று, மிக ஏழ்மையான தெருக்களில் நடந்து, அங்குள்ளோரின் முகங்களைப் பார்த்துத் திரிந்தார். வாழ்ந்து கெட்ட ஒருவனின் சிறிய ஓவியத்தைக் கடையொன்றில் வாங்கி, தம் அறையில் கண்ணில் படும்படி மாட்டிவைத்தார். 1875இல் அமெரிக்கா சென்றபோதும் அவர் விரும்பிப் பார்த்தவை தொழிற்சாலைகளே.

1877இல் தம் முன்னாள் மாணவி மேரி பேலியை மணந்ததால், அக்கால விதிப்படி கல்லூரி ஆய்வாளர் பதவியை இழந்தார். பிரிஸ்டலில் கல்லூரி முதல்வராகப் பணியாற்றினார், நோயுற்றார், ஆக்ஸ்ஃபோர்டில் இந்திய ஆட்சிப்பணிக்குச் செல்லவிருந்த இளைஞர்களுக்குச் சிறிது காலம் பாடம் நடத்தினார். 1885இல் கேம்பிரிட்ஜுக்குப் பேராசிரியராகத் திரும்பினார்.

அதற்குச் சற்று முன்பு, 1884இல், லண்டன் ஏழைகளின் வீட்டுவசதி குறித்து அவர் எழுதிய கட்டுரை இன்று அதிகம் படிக்கப்படுவதில்லை. 1801இல் சுமார் 10 இலட்சம் பேர் வாழ்ந்த லண்டனில் 1881இல் 38 இலட்சம் பேர் இருந்தனர். ஒரே அறையில் ஒரு குடும்பமே நெருக்கியடித்து வாழ்ந்தது. கூலி சற்று அதிகம்தான். ஆனால் அந்த அதிகத்தை வாடகை விழுங்கிவிடுகிறது, மீதியை உடல்நலம் இழக்கிறது என்று மார்ஷல் கணக்கிட்டார். லண்டனில்தான் நடந்தாக வேண்டும் என்ற கட்டாயமில்லாத குறைகூலித் தொழில்களை, புகை எட்டாத தொலைவில் புதிய குடியிருப்புகளுக்கு மாற்றலாம் என்பது அவர் யோசனை. ஆட்களை மட்டும் பெயர்க்கச் சொல்லவில்லை. வேலை கொடுப்போரும் உடன் செல்ல வேண்டும் என்றார். பிற்காலத்தில் உலகெங்கும் நடந்த மறுகுடியமர்வுகள் பலவற்றில் வீடு கிடைத்தும் வேலை தொலைந்ததைப் பார்க்கும்போது இந்த நிபந்தனையின் அருமை விளங்கும். ஏழைகளின் விருப்பத்தை அவர் போதிய அளவு கேட்கவில்லை என்ற குறையும் எனக்கு உண்டு.

அந்த யோசனையையும் தம் திட்டத்துக்கு ஓர் அடிப்படையாகக் கொண்டவர் எபனேசர் ஹோவர்ட் என்ற சுருக்கெழுத்தர். லண்டனுக்கு வடக்கே 1903இல் லெட்ச்வொர்த் தோட்ட நகரம் உருவாகத் தொடங்கியது.

1890இல் வெளிவந்த மார்ஷலின் பொருளியல் கோட்பாடுகள் நூலில்தான் புகழ்பெற்ற அத்தியாயம் வருகிறது. ஷெஃபீல்டில் கத்தி, ஸ்டாஃபோர்ட்ஷயரில் மட்பாண்டம் என ஒரு தொழில் ஓரிடத்தில் வேரூன்றுவது ஏன்? தேர்ந்த தொழிலாளர் அங்கே எப்போதும் கிடைப்பர். கருவியும் மூலப்பொருளும் தரும் துணைத்தொழில்கள் அருகிலேயே முளைக்கும். ஒருவர் கண்ட புதிய முறை விரைவில் அண்டை அயலாருக்கும் தெரிந்துவிடும். தனி நிறுவனம் எதுவும் விலை கொடுத்து வாங்காத இந்த ஆதாயங்களையே புறச்சிக்கனங்கள் என்கிறோம். திருப்பூரை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொன்னால் மாணவர்களுக்கு உடனே புரியும். பின்னுவது ஒருவர், சாயமிடுவது ஒருவர், தைப்பது ஒருவர் என ஊரே ஓர் ஆலையாக இயங்குகிறது அல்லவா? நகரின் அளவு இரட்டிப்பானால் உற்பத்தித்திறன் ஏறக்குறைய 3 முதல் 8 சதவீதம் உயர்கிறது என்று இக்கால ஆய்வுகள் பலவும் மதிப்பிடுகின்றன. அவற்றின் வேர் இந்த அத்தியாயம்தான்.

வகுப்பறை இங்கே நின்றுவிடும்; மார்ஷல் நிற்கவில்லை. ஒற்றைத் தொழிலை நம்பிய ஊர் அத்தொழில் நலிந்தால் வீழும் என்று எச்சரித்தார். நகரம் வளர வளர மனையின் மதிப்பு உயர்கிறது. அந்த உயர்வு நில உரிமையாளரின் உழைப்பால் வந்ததன்று. நெரிசலின் கேடோ குடியிருப்போர் அனைவர் மீதும் விழுகிறது. ஆகவே நகர நிலத்தின் மதிப்பின் மீது தூய காற்று வரி விதித்து, அடர்ந்த பகுதிகளின் நடுவே திறந்தவெளிகளை உண்டாக்க வேண்டும் என்று, உள்ளாட்சி வரிகளை ஆராய்ந்த அரச ஆணையத்துக்கு 1890களின் இறுதியில் எழுதினார். நொய்யலில் சாயக்கழிவு ஓடியதும், 2011இல் நீதிமன்ற ஆணையால் திருப்பூரின் சாய ஆலைகள் மூடப்பட்டதும் இந்த மறுபாதிக்குரிய செய்திகள். அவற்றை அந்த அத்தியாயத்தோடு சேர்த்து நடத்த எனக்குத் தோன்றாமல் போனது.

மார்ஷல் குறையற்றவர் அல்லர். மனைவியோடு சேர்ந்து 1879இல் நூல் எழுதியவர், 1890களில் கேம்பிரிட்ஜ் பெண்களுக்குப் பட்டம் அளிப்பதை எதிர்த்தார். வறுமையின் முகங்களை அவ்வளவு கூர்ந்து பார்த்தவருக்கு வீட்டிலிருந்த அறிவு கண்ணில் படவில்லை. 1924 ஜூலை 13 அன்று அவர் மறைந்த பின், மேரி இருபது ஆண்டுகள் வாழ்ந்தார். அவர் பெயரிலான நூலகத்தில் முதுமையிலும் ஊதியமின்றிப் பணியாற்றினார்.

மார்ஷல் வாழ்ந்த கேம்பிரிட்ஜில் 2021 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 1,45,700 பேரே வசிக்கிறார்கள். இவ்வளவு சிறிய நகரைச் சுற்றி மென்பொருள், உயிரித் தொழில்நுட்ப நிறுவனங்கள் திரண்டிருக்கின்றன. பல்கலைக்கழகத்தின் அறிவும் தேர்ந்த பணியாளர்களும் அருகிலேயே கிடைப்பதுதான் காரணம். அதே நகரில் வீட்டு விலையும் வாடகையும் ஏறி, மருத்துவமனைச் செவிலியரும் பேருந்து ஓட்டுநரும் வெளியூர்களில் குடியிருந்து அன்றாடம் வந்துபோகிறார்கள்.