அந்த நாள் கண்ட உஷா

கன்னட மண்ணிலே பிறந்து, தமிழ்த் திரையிலே நிலைத்த புகழ் பெற்றவர் பண்டரிபாய் அம்மையார். எலெக்ட்ரானிக் சிட்டியில் இல்லம் அமைத்து வாழும் தமிழ் மக்களாகிய நாம், நம் ஆண்டுவிழா மலரிலே அவர் வரலாற்றை எண்ணிப் பார்ப்பது மிகப் பொருத்தமேயாகும்.

கர்நாடகத்தின் கடற்கரை ஊராகிய பட்கலே அவர் பிறந்த இடம். இளமையிலேயே கலைத்துறையில் ஈடுபட்ட அவர், 1943-இல் வெளிவந்த ‘வாணி’ என்னும் கன்னடப் படத்தின் வாயிலாகத் திரையுலகில் அடியெடுத்து வைத்தார். அவர் தங்கை மைனாவதியும் பின்னர்ப் பெயர் பெற்ற நடிகையானார்.

1952-இல் ‘பராசக்தி’ வெளிவந்தது. சிவாஜி கணேசனை நாட்டுக்கு அறிமுகம் செய்த அப்படத்தில், துயரத்தால் வழிதவறிய இளைஞனைப் பொதுநலத்தின்பால் திருப்பும் விமலாவாக அம்மையார் தோன்றினார். அதற்கு ஈராண்டுகளுக்குப் பின், 1954-இல், ‘பேடர கண்ணப்ப’ என்னும் கன்னடப் படத்தில் ராஜ்குமார் முதன்முதலாகக் கதாநாயகரானார். அதிலும் நாயகி பண்டரிபாயே! பெரியபுராணம் போற்றும் கண்ணப்பர் கதையே அது. தமிழ் நாட்டின் பெருங்கலைஞருக்கும் கன்னட நாட்டின் பெருங்கலைஞருக்கும் முதல் நாயகியாக விளங்கும் பேறு வேறு யாருக்கு வாய்த்தது?

அதே 1954-இல் ஏ.வி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட ‘அந்த நாள்’தான் அவர் திறமைக்கு உரைகல்லாயிற்று. எஸ். பாலசந்தர் இயக்கிய அப்படத்தில் பாட்டில்லை, நடனமில்லை, சண்டையுமில்லை. ஜாவர் சீதாராமன் எழுதிய திரைக்கதையின் வலிமையும் நடிகர்களின் முகபாவமுமே துணை. 1943 அக்டோபரில் சென்னை மீது ஜப்பானியர் குண்டு வீசிய நிகழ்ச்சியே கதைக்குப் பின்னணி. வானொலிப் பொறியாளன் ராஜன் சுட்டுக் கொல்லப்பட்டுக் கிடக்கிறான். துப்பறிவோர் விசாரிக்க, ஒவ்வொருவரும் வேறொருவர்மீது ஐயத்தைத் திருப்புகின்றனர். முடிவிலே உண்மை வெளிப்படுகிறது. தன் அறிவுக்கு நாட்டில் மதிப்பில்லை என்று மனங்கசந்த ராஜன், பகைவருக்கு உளவாளியாகிவிட்டான். அவன் உயிரைப் பறித்த குண்டு, மனைவி உஷாவின் கைத்துப்பாக்கியிலிருந்து பாய்ந்ததே.

அந்த உஷாவாக நடித்தவர் பண்டரிபாய். பெரும்பாலான துப்பறியும் கதைகளில் பெண்ணின் கவர்ச்சி, உடையிலும் ஒய்யாரத்திலும் வைக்கப்படும். இங்கோ அது அமைதியிலே வைக்கப்பட்டது. தலைகுனிந்து அமர்ந்திருக்கும் கைம்பெண்ணின் கண்களில் துயரமும் மறைபொருளும் ஒருங்கே தெரிய வேண்டும். மிகுந்தால் மர்மம் உடையும், குறைந்தால் முடிவு நம்பத்தகாததாகும். அந்த நுண்ணிய எல்லையிலே நின்று அவர் நம் உள்ளத்தைக் கவர்ந்தார். கணவன்மீது கொண்ட அன்பும் மெய், நாட்டின்மீது கொண்ட பற்றும் மெய். இரண்டும் மோதும் வேளையில் ஒருத்தி எதை இழப்பாள்? எதை இழந்தாலும் அவள் தோற்றவளே என்பதை, வசனத்தைக் காட்டிலும் அவர் முகமே நமக்கு உணர்த்திற்று.

தொடக்கத்தில் பெருவாரியான மக்கள் ஆதரவைப் பெறாத அப்படம், பின்னர்த் தேசிய விருதுக்குழுவின் தகுதிச் சான்றினைப் பெற்றது. தமிழின் சிறந்த படங்களுள் ஒன்றாக இன்றும் மதிக்கப்படுகிறது.

பின்னாளில் அம்மையார் அன்னை வேடங்களுக்கே உரியவரானார். ‘குடியிருந்த கோயில்’ (1968) படத்தில் எம்.ஜி.ஆருக்கும், ‘மன்னன்’ (1992) படத்தில் ரஜினிகாந்துக்கும் தாயாக நடித்தார். இந்தியிலும் ‘பைகாம்’ (1959) முதலிய படங்களில் தோன்றினார். 2003 ஜனவரி 29-இல் சென்னையிலே மறைந்தார்.

வானொலி, மின்னணு, கணிப்பொறி என்று அறிவுத்தொழில் புரிவோர் நிறைந்தது நம் குடியிருப்பு. ராஜனின் மனக்கசப்பு நம்முள் பலர்க்குப் புதிதன்று. உழைப்புக்கேற்ற மதிப்புக் கிட்டாத நாள்கள் நமக்கும் உண்டு. அக்கசப்பு மனிதனை எங்கே கொண்டு செல்லும் என்பதை ராஜன் காட்டினான். அன்புடையார் அதற்கு என்ன விலை கொடுக்க நேரும் என்பதை உஷா காட்டினாள். ஆகவே நம் இளைஞர்கள் அப்படத்தைப் பெற்றோருடன் அமர்ந்து ஒருமுறை காண வேண்டும் என விழைகிறோம். அருகில் வாழும் கன்னட அன்பர்களையும் உடனழைத்துக் காண்பது இன்னும் சிறப்பு. பண்டரிபாய் அம்மையார் நமக்கும் அவர்களுக்கும் பொதுச்செல்வம் அன்றோ!